சனி ஞாயிறு ஊர்

மைசூரு, குவெம்பு நகர்
24 மார்ச் 2025

அனு,

நலமா என்று ஆரம்பித்தால் அதிலிருந்தே ஒரு சண்டை கிளம்பும். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"போன்ல நீங்க ரெண்டு நிமிஷம் தாண்ட மாட்டேங்கறீங்க. கையால எழுதுங்க, கை வலிச்சா கோபம் குறையும்" என்று கவுன்சிலர் சுசித்ரா மேடம் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிரிவதற்கு ஆலோசனை கேட்கப் போன இடத்தில் கடிதம் எழுதச் சொல்கிறார்களே என்று. ஆனாலும் எழுதுகிறேன். தமிழில் எழுதலாம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. ஜீவிதாவுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் படிக்க வரும். அவள் கையில் சிக்கினாலும் பாதகமில்லை.

ஜூனில் அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். அப்போதிலிருந்து அவள் மைசூரில், என்னோடு இருக்கட்டும். மூன்று வருஷமாக வாரநாளெல்லாம் உன்னிடம், சனி ஞாயிறு என்னிடம் என்று ஓட்டிவிட்டோம். கோர்ட்டுக்குக் கொடுக்கப்போகிற மனுவிலும் அதையே எழுதலாம் என்கிறாய். நான் ஒப்ப மாட்டேன்.

தொழில்காரனாகவே சொல்கிறேன், கேள். சென்னைக்கு மகாபலிபுரம், மும்பைக்கு லோனாவ்லா, கோயம்புத்தூருக்கு ஊட்டி, பெங்களூருக்கு மைசூர். எந்தப் பெரிய ஊரானாலும் ஜனங்கள் ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து ஊருக்கு ஓடுகிறார்கள். ஓடி வருகிறவர்களை டூரிஸ்ட் வண்டியில் ஏற்றி இறக்கித்தான் என் பிழைப்பே நடக்கிறது. பெரிய ஊர் அவ்வளவு நல்ல ஊர் என்றால் எதற்காக ஓட வேண்டும்? ஓடி வருகிற இடத்திலேயே பிள்ளை வளரட்டுமே. இங்கே மூச்சு விட முடிகிறது, சாமுண்டி மலை இருக்கிறது, பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை.

இது எனக்கும் அவளுக்கும் ஒரு விளையாட்டு. நான் பெரிய ஊரைச் சொன்னால் அவள் அதற்கு ஜோடி ஊரைச் சொல்வாள். போன வாரம் நான் "பெங்களூர்" என்றதும் "மைசூர்" என்றவள், "அப்பா, நான் இங்கயே இருக்கட்டா?" என்று கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

பரத்

*

பெங்களூரு
29 மார்ச் 2025

பரத்துக்கு,

மகாபலிபுரத்தில் மீன் பிடிக்கிறவர் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போகிறாரா? ஊட்டி பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர், "ஆஹா ஊட்டி" என்று தினமும் மெய்மறந்து நிற்கிறாரா? லோனாவ்லாவிலும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. பெரிய ஊரை அதன் ஐந்து வேலை நாளால் நிறுக்கிறீர்கள், சின்ன ஊரை அதன் இரண்டு லீவு நாளால் நிறுக்கிறீர்கள். அப்புறம் எது ஜெயிக்கும்?

வீட்டிலும் அதே கதைதான். காலையில் எழுப்புவது, தலையில் பேன் பார்ப்பது, கணக்கில் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்பது, தடுப்பூசி போட அழைத்துப் போவது, எல்லாம் அம்மா. மிருகக்காட்சிசாலை, மைசூர் பாக், குதிரை வண்டி, எல்லாம் அப்பா. நான் பெங்களூர், நீங்கள் மைசூர். அவள் உங்களைக் கேட்காமல் என்ன செய்வாள்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நீங்கள் அவளுக்கு இரண்டு நாள் விருந்து, அவ்வளவுதான்.

இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் லேபில் எனக்குப் பதவி உயர்வு வந்து பெங்களூருக்கு மாற்றியபோது உங்களைக் கூப்பிட்டேன். "அரமனை ஊரை விட்டுப்போட்டு அந்த டிராபிக்ல வந்து சாகோணுமா?" என்று கேட்டீர்கள். ஊர்தான் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது பிள்ளையும் ஊரோடு சேர வேண்டும் என்கிறீர்கள்.

வாயால் பேசி என்ன பயன், செய்து பார்ப்போம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் மாற்றிக்கொள்வோம். வாரநாள் உங்களிடம், சனி ஞாயிறு என்னிடம். பெங்களூருக்கு வந்துபோக வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் வண்டி எப்படியும் ஓடுகிறது, அதில் வரட்டும். மற்றபடி அவளைச் சுற்றுலாக்காரர்களோடு வண்டியில் ஏற்றக் கூடாது. தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும், வாய்ப்பாடு சொல்ல வேண்டும், சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும். மைசூரிலும் திங்கட்கிழமை வரும் என்று அவளுக்குத் தெரியட்டும்.

மே கடைசியிலும் அவள் மைசூர் என்றே சொன்னால், நீங்கள் எழுதித் தருகிற மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உங்களுக்குப் புரியாது.

அனுப்ரியா

*

மைசூரு
4 ஏப்ரல் 2025

அனு,

ஒப்புக்கொண்டேன். சவால் என்றால் நான் பின்வாங்கியதில்லை.

பக்கத்து வீட்டுப் பசம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டேன். நான் புக்கிங் வேலையாக வெளியே போகும்போது அவர் பார்த்துக்கொள்வார். "மகு நம்ம மனெல இரலி பிடி" என்று கன்னடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார். குழந்தை எங்கள் வீட்டில் இருக்கட்டும், விடுங்கள் என்று. ஜீவிதாவுக்கும் அவர் செய்யும் அக்கி ரொட்டி என்றால் உயிர்.

தட்டு கழுவுகிறாள். முதல் நாள் ஒன்றை உடைத்தாள். வாய்ப்பாடு பன்னிரண்டு வரை வந்துவிட்டது. நீ நினைக்கிற மாதிரி நான் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. நேற்று மிருகக்காட்சிசாலை கேட்டாள். சனிக்கிழமை என்றேன். "சனிக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேனே" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

நேற்று சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள். "பெங்களூர்க்காரங்க மைசூருக்கு வர்றாங்க. மைசூர்க்காரங்க எங்கப்பா போவாங்க?" ஊட்டி, குடகு என்று பட்டியல் போட்டேன். "நாம போனதே இல்லியே" என்றாள். சீசனில் ஊரை விட்டு நகர்ந்தால் எனக்கு யார் சோறு போடுவார்கள்?

பரத்

*

பெங்களூரு
22 ஏப்ரல் 2025

பரத்துக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனி ஞாயிறு அம்மாவாக இருப்பது பரம சுகம். இத்தனை நாள் இந்தச் சுகத்தை நீங்கள் ஒருவரே அனுபவித்தீர்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்று வாரமாக நானும் அவளும் ஊர் சுற்றுகிறோம். மெட்ரோவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், இறங்காமல் திரும்பி வந்தோம். லால்பாக்கில் பாறைமேல் ஏறி உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றோம். இதே ஊரில் மூன்று வருஷம் இருந்தும் அவளுக்கு லால்பாக் தெரியாது. எனக்கும் தெரியாது. ஷிப்ட், ஸ்கூல், துணி, தூக்கம், இதுதான் எங்களுக்குத் தெரிந்த பெங்களூர். போன வாரம் அவளே சொன்னாள், "இப்ப மைசூருக்கு ஜோடி ஊரு பெங்களூர்." எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் ராத்திரி அவள் தூங்கியதும் அசிங்கமாக இருந்தது. இரண்டு நாள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து நானும் ஓட்டுக் கேட்கிறேன் என்று.

நான் எழுத வந்தது வேறு. மைசூரில் என்ன செய்தாய் என்று கேட்டால், "அப்பா போன்ல பேசிட்டிருந்தாரு" என்கிறாள். வேறு என்ன என்றால், "பசம்மா ஆன்ட்டி சீரியல் பாத்தாங்க" என்கிறாள். குறை சொல்கிற குரலில் அல்ல, சும்மா தகவல் சொல்கிற மாதிரி. முன்பெல்லாம் உங்கள் ஊரைப்பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். அவள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இது ஜெயிப்பதற்காகச் சொல்வது இல்லை.

அனுப்ரியா

*

மைசூரு
9 மே 2025

அனு,

இந்தச் சனிக்கிழமை ஜீவிதாவை அனுப்பவில்லை. பயப்படாதே, லேசான ஜுரம். வெயில் ஜாஸ்தி. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார்.

மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது. பசம்மா உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சாமராஜநகர் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தார். மாம்பழம் வந்துவிட்டது. நம் டிரைவர் லிங்கப்பன் கூடையோடு வாங்கி வந்து கொடுத்தார்.

அவளோடு போனில் பேசுவாயல்லவா? ஏதாவது சொன்னாளா? சும்மா கேட்டேன்.

பரத்

*

பெங்களூரு
13 மே 2025

பரத்துக்கு,

முழுப் பூசணிக்காயை மாம்பழக் கூடைக்குள் மறைத்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான்.

"ஏதாவது சொன்னாளா" என்று நீங்கள் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லிவிட்டார். இணையத்தில் ஜீவி டிராவல்ஸுக்கு மூன்று நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதுகிறேன், கையும் வலிக்கட்டும்.

"வண்டி சுத்தம். ஏசி நன்றாக வேலை செய்தது. சாப்பாடு சுமார். சோமநாதபுரம் கோயிலில் ஓனரின் சின்னப் பெண்ணையே விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. திரும்பிப் போய் அழைத்து வந்ததில் முக்கால் மணி நேரம் வீண். அதனால் பிருந்தாவனம் போனபோது தண்ணீர் நடனம் முடிந்துவிட்டது. இதற்காகக் கட்டணத்தில் ஏதாவது குறைத்திருக்கலாம்."

இதை லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். அடுத்து ரத்தம் எடுக்க வேண்டியவரைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

என் ஒன்பது வயதுப் பெண்ணை ஊர் பேர் தெரியாத இடத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனைதான் கண்டிப்பாகப் போட்டேன். அதையும் மீறி, அதை மறைத்து, ஜுரம் என்று ஒரு பொய் வேறு. அவள் என் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவாள் என்றுதானே அனுப்பவில்லை?

வக்கீலிடம் காட்டினேன். "இது ஒண்ணு போதும்மா" என்றார். மாதம் ஒரு நாள், அதுவும் என் எதிரில் மட்டும் பார்க்கலாம் என்று வாங்கித் தர முடியுமாம். பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். 24ஆம் தேதி சுசித்ரா மேடம் ஜீவிதாவைத் தனியாகப் பார்க்கிறார். அங்கே கொடுக்கலாமா, நேராகக் கோர்ட்டில் கொடுக்கலாமா என்பதுதான் என் யோசனை.

நாளை மறுநாள் காலை நானே வந்து அவளை அழைத்துப் போகிறேன். நீங்கள் வாசலுக்கு வர வேண்டாம். பசம்மா வீட்டில் விட்டுவையுங்கள்.

அனுப்ரியா

*

மைசூரு
16 மே 2025

அனு,

நேற்று நீ வந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நீ வர வேண்டாம் என்றதால் வெளியே வரவில்லை.

ஜுரம் பொய்தான். நீ சொன்ன காரணமும் சரிதான். இனி நடந்ததைச் சொல்கிறேன். அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

பசம்மா கல்யாணத்துக்குப் போன வாரம் அது. புதன்கிழமை கைடு வரவில்லை, கோடை லீவுக் கூட்டம், பதினான்கு பேர் புக் செய்திருந்தார்கள். நானே போக வேண்டியதாயிற்று. அவளை யாரிடம் விடுவது? கூட்டிப் போனேன்.

ஒவ்வொரு இடத்திலும் வண்டி கிளம்பும் முன்னால் நான் கதவருகில் நின்று விரலை மடக்கி எண்ணுவேன். உனக்கே தெரியும், கல்யாணமான புதிதில் நீ அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அந்த எண்ணிக்கையில் டிரைவர் வர மாட்டார், நான் வர மாட்டேன், எங்கள் வீட்டு ஆள் யாரும் வர மாட்டார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும்தான். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். சோமநாதபுரத்தில் எண்ணினேன், பதினான்கு பேர் இருந்தார்கள். "ரைட்" என்றேன். லிங்கப்பன் கிளப்பிவிட்டார். அவள் பின் சீட்டில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டிருந்தாள், அங்கேதான் இருப்பாள் என்று நினைத்தேன்.

பன்னூரில் டீ குடிக்க நிறுத்தினோம். லிங்கப்பன் ஒரு பன்னை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனவர் ஓடிவந்தார். "ஏனுங்க சார், பாப்பா உங்ககூட முன்னால இல்லீங்களா?" என்றார். அந்த நிமிஷத்தை நான் எழுத முயற்சி செய்ய மாட்டேன். வண்டியைத் திருப்பினோம். பின்னால் ஒருவர் "ஷோ போயிடும்" என்று முனகிக்கொண்டே வந்தார், அவர்தான் மூன்று நட்சத்திரம் போட்டிருப்பார்.

கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் கெம்பையன் என் வண்டியைத் தெரிந்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களின் செருப்பை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன், பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "பரவால்லப்பா. நான் பேசஞ்சர் இல்லல்ல, அதான் எண்ணியிருக்க மாட்டீங்க" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காக நியாயம் சொன்னாள். அதைத்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ கோர்ட்டுக்குப் போவாய் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒரு நாள் என்றால் நான் என்ன ஆவேன் அனு? ஒரே ஒரு வார்த்தை எழுது. அந்தக் காகிதத்தைக் கொடுக்கப் போகிறாயா?

பரத்

*

பெங்களூரு
26 மே 2025

பரத்துக்கு,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுதவில்லை. பத்து நாள் நீங்களும் பயந்துகொண்டு இருங்கள் என்றுதான் விட்டேன். அது நல்ல குணமில்லை. ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

சனிக்கிழமை சுசித்ரா மேடம் அவளோடு ஒரு மணி நேரம் பேசினார். நான் வெளியே பெஞ்சில் அந்தக் காகிதம் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வெளியே வந்த மேடம் அவளை நர்சிடம் விட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். நடந்ததை அவள் வாயாலேயே கேட்டுவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவருக்கு நீங்களே எழுதுங்க, நான் சொன்னா கவுன்சிலர் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

"உனக்கு எந்த ஊர் பிடிக்கும்?" என்று கேட்டாராம். "ரெண்டும்" என்றாளாம். "சரி, எது உன் ஊர்?" என்று கேட்டிருக்கிறார். "பெங்களூர் அம்மா ஊரு, மைசூர் அப்பா ஊரு, நான் வந்துட்டுப் போறவ" என்றாளாம். மேடம் புரியாமல் பார்த்ததும் விளக்கியிருக்கிறாள். "என் டூத் பிரஷ் ரெண்டு வீட்லயும் இல்ல மேடம். பேக்ல இருக்கு."

உண்மைதானே? ஒவ்வொரு வாரமும் உங்கள் டெம்போ டிராவலரில், செல்பி எடுத்துக்கொண்டு வருகிற கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, அவர்களோடு ஏறி அவர்களோடு இறங்கியவள் அவள். நீங்களும் நானும் மூன்று வருஷமாக எது நல்ல ஊர், எது நல்ல வீடு என்று மல்லுக்கு நின்றோம். அவளுக்கு இரண்டுமே லாட்ஜ்.

அப்புறம் சோமநாதபுரத்தில் பயமாக இருந்ததா என்று கேட்டாராம். "மொதல்ல கொஞ்சம் பயம். அப்புறம் நல்லா இருந்துச்சு. ஒரே எடத்துல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். யாரும் கெளம்பு கெளம்புன்னு சொல்லல" என்றாளாம்.

பரத், என் பிள்ளைக்கு அவளைத் தொலைத்த இடம் நன்றாக இருந்திருக்கிறது. இதைக் கேட்டபின் அந்தக் காகிதத்தை எடுத்து யாரிடம் கொடுப்பேன்? கொடுத்தால் அதில் என் பெயரையும் அல்லவா எழுத வேண்டும். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரவில் பன்னூர் ரோடு நினைவுக்கு வந்தால் இன்னும் உங்களை அடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

இனி வாரநாள், வாரக்கடைசி என்று அவளைப் பங்குபோட முடியாது. ஒரே ஊர்தான். அப்படியென்றால் அவள் உங்களிடம் வந்து நான் இழக்க வேண்டும், அல்லது என்னிடம் இருந்து நீங்கள் இழக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அனுப்ரியா

*

மைசூரு
28 மே 2025

அனு,

உன் கடிதத்தை வண்டி ஷெட்டில் நின்றுகொண்டே படித்தேன். லிங்கப்பன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு நாளாக எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனி ஞாயிறு வண்டிகளை லிங்கப்பன்தான் பார்க்கிறார். வாரநாளில் நான் செய்வது போனில் புக்கிங் எடுப்பது, ஓட்டலுக்குச் சொல்வது, வண்டிக்கு ஆள் போடுவது. அதற்கு மைசூரில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பெங்களூரில்தான் ஏறுகிறார்கள். பன்னிரண்டு வருஷத்தில் மைசூர்க்காரர் ஒருவர்கூட மைசூரைச் சுற்றிப் பார்க்க என் வண்டியில் ஏறியதில்லை. இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். தெரிந்தேதான் இருந்தது. தெரியாத மாதிரி நடந்துகொண்டேன்.

நான் பெங்களூருக்கு வந்துவிடுகிறேன். உன் வீட்டுக்கு இல்லை. பக்கத்தில் எங்காவது தனியாக ஒரு வீடு பார்த்துக்கொள்கிறேன். ஜீவிதாவுக்கு அதே பள்ளிக்கூடம், அதே தெரு. இரண்டு வீட்டுக்கும் அவள் நடந்து போய் வரட்டும், மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு போகட்டும். பிரிவதற்கான நம் மனு அப்படியே இருக்கட்டும். உன்னைத் திரும்பச் சேர்ந்து வாழக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும்.

டிராபிக்கில் செத்துவிட மாட்டேன், பயப்படாதே. உனக்குச் சம்மதமா?

பரத்

*

பெங்களூரு
30 மே 2025

பரத்துக்கு,

கூரியர்காரர் கவரை நீட்டியபோது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கோபம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உங்களிடம் இதைத்தான் கேட்டேன். லிங்கப்பன் வண்டியைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் போனில் புக்கிங் எடுக்கலாம் என்று இதே வார்த்தைகளில் சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டு, உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முடியாது என்றீர்கள். இன்று முடிகிறது. எனக்காக முடியாதது அவளுக்காக முடிகிறது. அவளுக்காக எனக்கு நிம்மதி. எனக்காக அழுதேன். இதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் இன்னும் மூன்று வருஷம் உள்ளே கிடந்து அரிக்கும், அதனால் எழுதிவிட்டேன்.

சம்மதம். வாருங்கள்.

என் தெருவில் வேண்டாம், தினமும் உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. பின் தெருவில் மாவு மில்லுக்கு மேலே ஒரு வீடு காலியாக இருக்கிறது. சத்தமாகத்தான் இருக்கும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறேன். மனுவில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்தக் கவரிலேயே இருக்கிறது. நீங்களும் போட்டுவிட்டு வரும்போது எடுத்து வாருங்கள்.

நேற்று ஜீவிதாவிடம் சொன்னேன். அப்பா இங்கேயே வந்துவிடுகிறார், இனிமேல் வெள்ளிக்கிழமை நீ எங்கேயும் கிளம்ப வேண்டாம் என்று. "நிஜவா?" என்று கன்னடத்தில் கேட்டாள். நிஜம்தான் என்றேன். ஓடிப்போய் அவள் பேக்கை எடுத்துக் கட்டில்மேல் கவிழ்த்தாள். துணியெல்லாம் அலமாரிக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாவற்றையும் மடித்து மறுபடி பேக்குக்குள்ளேயே அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏன்டி என்று கேட்டேன்.

"அப்பா வரட்டும்மா. வந்தப்புறம் காலி பண்றேன்" என்றாள்.

பேக் கதவு பக்கத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் வந்து சேருங்கள்.

அனுப்ரியா